சீப்பைக் கண்டால் ஓடும் பூனைக்குச் சிக்கெடுப்பது

எங்கள் மல்லி பெர்சியன் பூனை. வீடு திருவையாற்றில், கொல்லைக் கதவைத் திறந்தால் வாழைத்தோட்டம். ஐப்பசி மழையில் வெளியே போனால் முடியெல்லாம் நாயுருவி விதை ஒட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து நிற்பாள். அந்த ஈரம் அப்படியே காய்ந்தால் காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் சிக்கு இறுகிக் கட்டியாகிவிடும்.

முதல் தடவை அம்மா காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பு முழுக்க ஒரே மூச்சில் சீவினேன். அது பெரிய தவறு. அப்புறம் ஒரு மாதம், சீப்பு இருக்கும் அலமாரியைத் திறந்தாலே கட்டிலுக்கடியில் போய்விட்டாள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு வாரம் சீப்பை அவள் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா வைத்தேன். பிறகு சீப்பின் முதுகால் கன்னத்தையும் தாடையையும் தடவி, உப்பில்லாமல் வேகவைத்த மீனில் முள் எடுத்து ஒரு துண்டு கொடுத்தேன். பல்லுக்கிடையில் இடைவெளி அகலமான இரும்புச் சீப்பு போதும். மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரம்தான் சரியான நேரம். ஒரு நாளைக்கு ஒரே இடம், இரண்டு நிமிஷம். வால் நுனி துடித்தாலோ, முதுகுத் தோல் சிலிர்த்தாலோ, காது பக்கவாட்டில் மடங்கினாலோ உடனே சீப்பைக் கீழே வைத்துவிடுங்கள். கடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சிக்கு இருந்தால் அதன் அடிமுடியைத் தோலை ஒட்டி இரண்டு விரலால் இறுக்கிப் பிடியுங்கள்; இழுப்பு தோலுக்குப் போகாது. ஒரு சிட்டிகை சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். சிக்கோடு குளிப்பாட்டினால் இன்னும் இறுகும்.

கத்தரிக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம். பூனைத் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து கூடாரம் மாதிரி மேலே எழும்பி நிற்கும். கக்கத்தில் நான் வெட்டப்போய் தோலும் வெட்டுப்பட்டது. அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பிரிக்க முடியாத கட்டியைக் கால்நடை மருத்துவர்தான் மெஷினால் மழித்து எடுக்க வேண்டும். பேனுக்கென்று கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெய் தடவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பூனை நக்கிவிடும்; கற்பூரம் அதற்கு விஷம்.

மல்லி வயிற்றை மட்டும் இன்னும் தொட விடமாட்டாள். திண்ணையில் மல்லாந்து தூங்கும்போது மூன்று இழுப்பு, அவ்வளவுதான். மிச்சம் மறுநாளைக்கு.