பழைய டீசல் எஸ்யூவிக்கு இன்ஜின் ஆயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பொலிரோவையோ ஸ்கார்ப்பியோவையோ பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால், பானெட்டைத் திறக்கும் முன்பே யோசனை வந்துவிடும்: “வண்டிக்கு வயசாயிடுச்சு சார், இனிமே கெட்டி ஆயிலா ஊத்திடுவோம், 20டபிள்யூ-50.” ஒரு குறிப்பிட்ட நிலைமையில் அது சரியான யோசனைதான். அந்த நிலைமை வந்துவிட்டதா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை, அதுதான் சிக்கல். ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருஷம் சொல்லாது. ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கும் சைலன்சர் புகையும் சொல்லும்.

இங்கே எழுதியிருப்பது பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு, அதாவது 2020 ஏப்ரலுக்கு முன் வந்த டர்போ டீசல் வண்டிகளை மனதில் வைத்து. பழைய சஃபாரி, டவேரா, ஃபார்ச்சூனர் எல்லாம் இதில் அடங்கும். பெட்ரோல் வண்டிக்குக் கணக்கு வேறு.

அளக்காமல் கெட்டியாக்குவது

15டபிள்யூ-40 என்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதற்கானது. 15டபிள்யூ ஆயிலின் குளிர் ஸ்டார்ட் சோதனை மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறது. மார்கழியில் ஊட்டியில் உறைபனி விழுந்தாலும் அதற்கு அது பொருட்டே இல்லை. பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டி: 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டியை அளக்கும் அலகு இது), 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள்.

இந்த இரண்டு எண்களும் சொல்லாத ஒன்று நடுவில் இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பும்போது ஆயில் 100 டிகிரியில் இருக்காது, 28 டிகிரியில் இருக்கும். 40 டிகிரியிலேயே சாதாரண 15டபிள்யூ-40 ஏறக்குறைய 110 சென்டிஸ்டோக்ஸ் காட்டும்; 20டபிள்யூ-50 என்றால் 160-ஐத் தொட்டு நிற்கும். வெயில் ஊர்தானே, ஆயில் எப்போதும் இளகித்தான் இருக்கும் என்ற நினைப்பு இங்கேதான் தவறிப்போகிறது.

அவ்வளவு கெட்டியான ஆயிலை பம்ப் தள்ளும்போது அழுத்தம் ஏறி ரிலீஃப் வால்வு திறக்கும். ஆயிலில் ஒரு பங்கு வேலை செய்யாமலே இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பிவிடும். ஃபில்டரிலும் அதே கதை. ஆயில் உள்ளே நுழையத் திணறினால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். ஆயில் பிரஷர் மீட்டர் உள்ள வண்டியில் முள் மேலே நிற்பதைப் பார்த்து “இப்போ ஆயில் பிரஷர் சூப்பர்” என்பார்கள். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. ஓட்டம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது டர்போ. ஒல்லியான குழாயின் கடைசியில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் போய்ச் சேருகிற அந்தச் சில நொடிகளில்தான் அதன் ஆயுள் தேய்கிறது.

அப்படியானால் எப்போது கெட்டியாக்கலாம்? முதலில் வண்டி எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று கணக்கெடுங்கள். சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை நிரப்பி, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் பார்த்து, மறுபடியும் மேல்கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவு பாட்டிலால் அளங்கள். கால் லிட்டர் என்றால் கம்பெனி சொன்ன ஆயிலை மாற்றவே வேண்டாம். ஒரு லிட்டரை நெருங்கினால் ஒரு படி மேலே போகலாம்: 5டபிள்யூ-30 ஓடும் வண்டிக்கு 5டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40, 15டபிள்யூ-40 ஓடும் வண்டிக்கு 20டபிள்யூ-50. மேனுவலில் உள்ள வெப்பநிலை அட்டவணை அந்தத் தரத்தை அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பல பழைய டீசல் வண்டிகளின் மேனுவலில் ஒன்றல்ல, மூன்று நான்கு தரங்கள் இருக்கும்.

படி ஏற்றுவது நாள் கடத்தத்தான் உதவும். ஆயில் எங்கே போகிறது என்பதைப் புகை சொல்லிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை குப்பென்று வந்து அடங்கினால் வால்வு சீல். மேடேறும்போதும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. டர்போவிலிருந்து காற்று போகும் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள்; லேசான ஈரம் சகஜம், ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீலையும் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதரையும் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் ஆயில் குறைந்தால் வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். கசிவை எந்தக் கெட்டி ஆயிலும் அடைக்காது.

விலை ஏறினால் தரமும் ஏறும் என்று நினைப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. புது வண்டிகளுக்கு வரும் மெல்லிய 0டபிள்யூ-20 ஆயிலை “நல்லது ஊத்துவோமே” என்று பழைய டீசலில் ஊற்றுவது. பேரிங் இடுக்கில் 150 டிகிரி சூட்டிலும் நசுங்கலிலும் நிற்கும் படலம்தான் இன்ஜினைக் காப்பது. அந்தச் சூட்டில் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) டீசல் ஆயில் தரமான சிகே-4-க்குக் குறைந்தபட்சம் 3.5 சென்டிபாய்ஸ் (இதுவும் கெட்டியின் அலகுதான்) வேண்டும். அதோடு 2016 டிசம்பரில் வந்த எஃப்ஏ-4-க்கு 2.9 முதல் 3.2 வரைதான். அது புதுத் தலைமுறை லாரி இன்ஜின்களுக்கு, எரிபொருள் மிச்சப்படுத்த வந்தது. பெயரில் ‘4’ இருக்கிறது, டீசல் ஆயில்தான் என்று எடுத்துவிடாதீர்கள். பழைய இன்ஜினுக்கு அது ஆகாது.

சிந்தெட்டிக் ஊற்றினால் பழைய வண்டி கசியும் என்பது இன்னொரு பேச்சு. ஆரம்பகால சிந்தெட்டிக் ஆயில்கள் சில ரப்பர் சீல்களைச் சுருங்க வைத்தன, அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. இப்போது வருபவற்றில் சீலுக்கான சேர்மானம் உண்டு. சீல் ஏற்கெனவே கல்லாகிப்போய், கசிவைக் கசடு மூடிக்கொண்டிருந்தால், நல்ல ஆயில் அந்தக் கசடைக் கழுவியதும் கசிவு வெளியே தெரியும். பழியை ஆயில் ஏற்றுக்கொள்ளும். அதற்காக 2 லட்சம் ஓடிய பொலிரோவுக்கு முழு சிந்தெட்டிக் கட்டாயம் என்றும் இல்லை. சரியான தரத்தில் மினரல் 15டபிள்யூ-40-ஐக் காலத்தில் மாற்றுவது, விலையுயர்ந்த ஆயிலை 15,000 கிலோமீட்டர் இழுப்பதைவிட மேல்.

கேனின் முன்பக்கத்தை மட்டும் படிப்பது

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் கெட்டி எண் இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் ஆயிலின் ஜாதகம். ஏபிஐ வரிசையில் ‘எஸ்’ என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, ‘சி’ என்று தொடங்குவது டீசலுக்கு. எஸ்பி என்று மட்டும் போட்டு, ‘சி’ வரிசையும் ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம் (ஏசிஇஏ) டீசலுக்குத் தரும் ‘பி4’, ‘சி3’ போன்ற குறிகளும் இல்லாத கேனை டீசல் வண்டிக்கு வாங்காதீர்கள். டீசல் எரியும்போது வரும் கரியை ஆயில் தன்னுள் சிதறலாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கான சேர்மானம் பெட்ரோல் ஆயிலில் அந்த அளவுக்கு இருக்காது. கரி ஒன்றுசேர்ந்தால் ஆயில் கூழாகும்.

மேனுவலில் சிஎஃப்-4 அல்லது சிஹெச்-4 என்று இருக்கும், கடையில் சிஐ-4-ம் சிகே-4-ம்தான் கிடைக்கும். கவலை வேண்டாம், 2002-இல் வந்த சிஐ-4-ம் 2016-இல் வந்த சிகே-4-ம் அந்தப் பழைய தரங்களின் இடத்தை நிரப்புபவை. கந்தகம் மிகுந்த டீசல் எரிந்து அமிலம் உண்டாக்கிய காலத்தில் காரத்தன்மை மிகுந்த ஆயில் அவசியமாக இருந்தது. பிஎஸ்-3 டீசலில் கந்தகம் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு), பிஎஸ்-4-இல் 50, இப்போது பெட்ரோல் பங்கில் வருவதில் 10 மட்டுமே. வண்டி பழசு, உள்ளே போகும் டீசல் புதுசு. அதனால் சாம்பலும் காரமும் குறைந்த சிகே-4 ஊற்றினால் அமிலம் அரித்துவிடும் என்ற பயம் தேவையில்லை.

பொலிரோவுக்கு டிராக்டர் ஆயில் ஊற்றும் பழக்கம் கிராமப்புறத்தில் உண்டு. டீசல் ஆயில்தான், ஆனால் பெரும்பாலும் பழைய தரத்து 20டபிள்யூ-40. டர்போ இல்லாத, மெதுவாக ஓடும் இன்ஜினுக்கு ஏற்றது. உயர் அழுத்தத்தில் டீசலைப் பீச்சும் காமன் ரெயில் டர்போ இன்ஜினுக்கு அல்ல. பேரலில் இருந்து அளந்து கொடுக்கும் லூஸ் ஆயிலில் தரம் என்று பேச எதுவும் இல்லை.

ஆயிலால் தீராத நோய்க்கு ஆயிலை மாற்றுவது

பழைய ஃபார்ச்சூனர் 3.0, இன்னோவா 2.5 டீசல் வைத்திருப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த இன்ஜின்களில் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் காப்பர் சீட் வாஷர் ஓட ஓடத் தேய்ந்து விடும். எரிவறையின் வாயு அதன் வழியாக மேலேறி இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவருக்குள் நுழையும். அங்கே இருக்கும் ஆயில் வெந்து தாராகும், பிறகு கரிக்கட்டியாகும். அந்தத் துணுக்குகள் ஆயிலோடு சம்ப்பில் இறங்கி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள ஸ்ட்ரெய்னர் சல்லடையை அடைக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டில் பளிச்சென்று நிற்கும். பேரிங்குக்கோ சொட்டும் போகாது.

அறிகுறிகள்: ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே தார்போல ஒட்டிய கருப்பு, ஐடிலிங்கில் சக் சக் என்று காற்று கசியும் ஓசை, ஸ்டார்ட் ஆனபின் ஆயில் விளக்கு அணைய வழக்கத்தைவிட நேரமாவது. கடைசி அறிகுறி தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். வாஷர்களை மாற்றி, சம்ப்பை இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கழுவுவதுதான் வைத்தியம். இங்கே பிராண்டை மாற்றிப் பார்ப்பது வீண். ஃப்ளஷிங் ஆயில் ஊற்றுவது ஆபத்து: மேலே ஒட்டியிருக்கும் கரியை எல்லாம் ஒரே நேரத்தில் பெயர்த்து ஸ்ட்ரெய்னரில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எந்த வண்டியானாலும் கசடு படிந்திருந்தால் அவசரப்படாதீர்கள். நல்ல சிஐ-4 ஆயிலை ஃபில்டரோடு 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று தடவை மாற்றினால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி இறக்கும். ஆயிலில் கலக்கும் குட்டி டப்பா மருந்துகள்? சேர்மானங்களைக் கணக்குப் போட்டுத்தான் ஆயிலைத் தயாரிக்கிறார்கள். மேலும் ஒன்றைக் கலந்து அந்தக் கணக்கைக் கலைக்க வேண்டாம்.

“மீதி எதுக்கு, முழுசா ஊத்திடு”

இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் 5 முதல் 7 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு மேனுவலில் இருக்கும், ஃபில்டரோடு எவ்வளவு, ஃபில்டர் இல்லாமல் எவ்வளவு என்று தனித்தனியாக. கேனில் மிஞ்சிய அரை லிட்டரையும் கவிழ்த்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கும். நுரை படலம் தராது. பிரீதர் வழியாக ஆயில் இன்டேக்கில் ஏறும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான்; நிறையப் போனால் சாவியை அணைத்தாலும் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துத் தறிகெட்டு ஓடும். அப்படி ஆனால் கியர் வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியரில் கிளட்சை விட்டு அணைக்க வேண்டும்.

அடுத்த முறை மாற்றும்போது இதைச் செய்து பாருங்கள். மிதமான சூட்டில் 15 நிமிடம் வடியவிட்டு, டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதுசை மாட்டினால் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பீச்சியடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, தொட்ட பின் கையாலேயே முக்கால் சுற்று. ஆயிலை மொத்தமாக ஊற்றாமல் கீழ்க்கோட்டில் நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்து, 5 நிமிடம் கழித்துப் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும், ஃபில்டர் குடித்தது அது. மறுபடி கீழ்க்கோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மேல்கோடு வரை அளவு பாட்டிலால் ஊற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அது ஒரு லிட்டரை ஒட்டி வரும். இனி குச்சியில் பாதி இறங்கினால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஊற்றாமலே மட்டம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். குச்சியை முகர்ந்து பாருங்கள். டீசல் வாசம் அடித்தால் இன்ஜெக்டரோ பம்ப் சீலோ கசிகிறது, 40 தர ஆயில் தண்ணீராகிக்கொண்டிருக்கிறது. பால் கலந்த காபி நிறம் என்றால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது. இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கருப்பானதும் மாற்றுவது, கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

டீசலில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கருத்துவிடும். கரியைத் தன்னுள் பிடித்துவைக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். நிறத்தை விட்டுவிட்டு நாளையும் எண்ணுங்கள். மேனுவல் 10,000 என்றாலும், ஏ.சி. போட்டுக்கொண்டு நெரிசலில் ஐடிலில் நிற்கும் வண்டிக்கு மீட்டர் நகராது, ஆயில் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். அதற்கு 7,000, 7,500-இல் மாற்றுவது நல்லது. மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு வருஷம் ஒருமுறை.

வாங்கும்போது மூடியின் சீல் முழுசாக இருக்கிறதா, மூடியிலும் கேனிலும் பேட்ச் எண் இருந்தால் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போலி ஆயில் பெரும்பாலும் அசல் கேனில்தான் வருகிறது, பழைய கேனை விலைக்கு எடுப்பவர்கள் இருப்பதால். ஆகவே காலி கேனை பட்டறையில் விட்டு வரும் முன் ஒரு கத்தியால் இரண்டாக வகுந்துவிடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது, செங்கல் சூளைக்கோ கதவுக் கீலுக்கோ என்று கொடுக்கவும் கூடாது. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டிய பொருள். அப்படிச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரிலேயே ஆயிலை மாற்றினால் அந்த வேலை மிச்சம்.