ஊருக்குப் போகையில் எந்தக் காகிதம் கையில், எது போனில்?

மதுரையில் விமானம் இறங்கினாலும் ராமநாதபுரம் போய்ச் சேர இன்னும் இரண்டு, இரண்டரை மணி நேரம் இருக்கிறது. அந்தக் காரில் உட்கார்ந்திருக்கும்போதுதான், தாய்ப்பத்திரத்தை (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) வேலை பார்க்கும் நாட்டிலேயே லாக்கரில் விட்டுவிட்டு வந்தது பலருக்கு ஞாபகம் வரும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, பாம்பன் என்று இந்தக் கரையிலிருந்து வெளிநாடு போனவர்கள் நிறையப் பேர். மூன்று வார லீவில் கல்யாண வீடு, துக்க வீடு எல்லாம் போய்வந்தது போக, ஆபீஸ் வேலைக்கு இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு நாளும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளம்புமுன் ஒவ்வொரு ஆவணத்தையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் மூலம் எங்கே இருக்கிறது? அரசின் கணினியில் என்றால், நம் கையில் இருப்பது வெறும் அச்சுப் பிரதி. தொலைந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்தும் முத்திரையும் விழுந்த அந்தத் தாள்தான் மூலம் என்றால், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வருவதால் வேலை நடக்காது.

பட்டா முதல் வகை. தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் க்யூஆர் கோடுடன் வந்துவிடும். இதற்காக ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இருக்கும் நாட்டிலிருந்தே எடுத்துப் பாருங்கள். பார்க்கச் சொல்வது பெயருக்காக. பழைய பத்திரத்தில் 'செய்யது', கணினிப் பட்டாவில் 'சையது', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து மூன்று சொல், ஆதாரில் இனிஷியல் மட்டும் என்று இருக்கும். நால்வரும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால், என்ன சான்று வேண்டும் என்று விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) வீட்டார் மூலம் கேட்டு வைக்கலாம். இறங்கிய பிறகு கண்டுபிடித்தால் லீவு அதிலேயே போய்விடும்.

சொத்தின் மேல் நடந்த விற்பனை, அடமானப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றும் பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கிறது. ஆனால் கணினியில் ஏறியிருப்பது பொதுவாக 1975 வாக்கிலிருந்துதான். தாத்தா காலத்துப் பத்திரம் அதற்கு முந்தியது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய புத்தகங்களில் தேட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், முதல் நாளே மனுவைக் கொடுத்துவிடுங்கள். பிறப்பு, இறப்புச் சான்றுகளில் இணையத்தில் பதிவாகியிருப்பவற்றை அச்சிட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் காட்டுவதாக இருந்தால் மட்டும், அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.

இனி தாளாகவே இருக்க வேண்டியவை. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், பவர் (நமக்குப் பதிலாக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்). உயிலை மின்னணு ஆவணமாக 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பதில்லை. நிலம், வீட்டுக்கான பவரும் அப்படித்தான்.

பவர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். வீட்டை விற்க அண்ணனுக்குப் பவர் எழுதி, தூதரகத்தில் சான்று வாங்கி, கூரியரில் அனுப்பினேன். வந்த கவர் அப்படியே பீரோவில் இருந்துவிட்டது. வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. கெடு தாண்டி, மறுபடி எழுதி அனுப்பினேன். அதற்குள் வாங்க வந்தவர் வேறு இடம் பார்த்துவிட்டார். கவர் வந்த வாரமே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கூரியர் கவரையும் எறிய வேண்டாம், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. இதைவிட எளிது, ஊரில் இருக்கும்போதே நேரில் போய்ப் பவரைப் பதிந்துவிடுவது. போட்டோவும் கைரேகையும் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையும் கையில் இருக்க வேண்டியதுதான். பிள்ளைகளுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போனில் இருக்கும் படத்தை நம்பி விமான நிலையம் போகாதீர்கள்.

சரி, போன் எதற்கு உதவும்? அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் இருக்கும் ஆதார், பான், லைசென்ஸ் எல்லாம் அசலுக்குச் சமமாகச் செல்லும். ஆனால் அத்தனைக்கும் ஓடிபி வர வேண்டும், அது ஆதாரில் பதிந்த இந்திய எண்ணுக்கு மட்டுமே வரும். 90 நாள் அந்த எண்ணைத் தொடாமல் விட்டால் துண்டிக்கப்படலாம், அதனால் சின்ன ரீசார்ஜாவது போட்டு உயிரோடு வைத்திருங்கள். ஆதார் இல்லாதவர்களில் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் வந்தவுடன் விண்ணப்பிக்கலாம். ஓசிஐக்காரர்கள் கடந்த 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும்.

அப்புறம், ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்க ஆதாரையும் பத்திரத்தையும் கடைக்காரர் வாட்ஸப்புக்கு அனுப்புகிறோமே, அது எனக்கு உறுத்துகிறது. நம் குடும்பச் சொத்து விவரம் யார் யார் போனிலோ கிடக்கிறது. பென்டிரைவில் கொண்டுபோங்கள். அனுப்பியே ஆக வேண்டுமென்றால், அச்செடுத்ததும் கண்முன்னே அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் ஒன்றும் தப்பாக நினைப்பதில்லை.

காகிதத்தை வைக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். உப்புக்காற்றில் இரும்புப் பெட்டியே துருப்பிடித்து உதிரும் கரை இது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைக் கடல் எடுத்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பத்திரத்தை லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். முத்திரைத்தாளைத் தொட்டும் பின்பக்கம் திருப்பியும் பார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், ஒட்டியதைப் பிரித்தால் தாளும் கிழியும். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து குடும்பத்தில் இரண்டு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்தால், அசல் போனாலும் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

எங்கள் வீட்டுப் பத்திரங்களை இப்போது நான் கூடவே கொண்டுபோவதில்லை. ராமநாதபுரத்தில் வங்கி லாக்கர் எடுத்து, தங்கையின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். சாவி அவளிடம்தான் இருக்கிறது.