நாரி பிடிக்காமல் பாரம் தூக்குவது

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறது எங்கள் ஜிம். உப்புக்காற்று பட்டுப் பட்டு, பிளேட் மாட்டித் தூக்குகிற இரும்புப் பார் எல்லாம் துரு. இழுத்து முடித்துக் கையைப் பார்த்தால் செம்மண் அள்ளியது போல இருக்கும். ஒன்பது வருடமாகப் போகிறேன், வயது 43. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன், அதாவது பகல் முழுக்கக் கதிரைதான். பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு தடவை நன்றாக அடிபட்டுத் தேறியவன் என்பதுதான் என் தகுதி.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் கொப்பியில் எழுதியிருந்தது டெட்லிஃப்ட், அதாவது பாரை நிலத்திலிருந்து தூக்கி நிமிர்வது, 110 கிலோ, ஐந்து தடவை. மாதக் கடைசி. முந்தின இரவு நாலு மணி நேரம்தான் நித்திரை. பக்கத்தில் ஒரு கம்பஸ் பெடியன் 140 கிலோவை வாழைக்குலை தூக்குவது போலத் தூக்கினான். எனக்குள் என்ன புகுந்ததோ, 130 போட்டேன். நிலத்தை விட்டுக் கிளம்பியது. முழங்காலுக்குக் கிட்ட வரும்போது இடுப்பு முந்திக்கொண்டு மேலே போனது, பார் காலை விட்டு ஓர் அங்குலம் விலகியது, நாரி (கீழ் முதுகு) வளைந்தது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி ஒரு பிடி. அப்புறம் பத்து நாள் 100ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பிரேக் போடுகிற ஒவ்வொரு ஹோல்டும் எனக்கு மனப்பாடம். சப்பாத்து லேஸை மகள்தான் கட்டிவிட்டாள்.

130 கிலோ பெரிய எடையில்லை. பிழை, அதை அந்த இடத்தில் நின்று முடிவு செய்தது. ஆகவே எடையை வீட்டிலேயே தீர்மானித்து, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டுவதென்றால் பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ பிளேட், மொத்தம் 2.5 கிலோ. எங்கள் ஜிம்மில் அந்தச் சின்ன பிளேட் இல்லை, நானே ஒரு சோடி வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். பெடியள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கிழமைக்கு 2.5 என்றாலும் எட்டுக் கிழமையில் 20 கிலோ. தோள், நெஞ்சுப் பயிற்சிகளில் அந்த வேகம் நெடுநாள் ஓடாது. அங்கே எடையை அப்படியே வைத்து ஒரு ரெப், அதாவது ஒரு தடவை, கூட்டினாலே முன்னேற்றம்தான்.

சரி, ஒரு செட்டில், அதாவது இடைவேளையில்லாமல் ஒரே மூச்சில் செய்கிற ரெப்களில், எதுவரை போவது? இன்னும் இரண்டு ரெப் வரும் என்ற நிலையில் பாரை வைத்துவிடுங்கள். ‘இரண்டு மிச்சம்’ என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். புதியவர்கள் இரண்டு என்று நினைக்கும்போது உண்மையில் ஐந்துகூட மிச்சம் இருக்கலாம். அதனால் ஆபத்தில்லாத பயிற்சி ஒன்றில், கால் நீட்டும் மெஷினிலோ டம்பெல்லால் கை மடக்கும்போதோ, ஒரு தடவை முற்றாக முடியாத அளவுக்குப் போய்ப் பாருங்கள். கடைசி இரண்டு ரெப்பும் எவ்வளவு மெதுவாக ஏறுகின்றன என்று உடம்பு கற்றுக்கொள்ளும். பிறகு, பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புகிற ஸ்குவாட்டில் அந்த மந்தம் தெரிந்த உடனே நிறுத்தலாம். போனைப் பக்கவாட்டில் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வீடியோ எடுங்கள். மனம் பொய் சொல்லும், வீடியோ சொல்லாது. வேகம் குறைவது பரவாயில்லை. முதுகின் வடிவம் மாறினால் அந்த செட் முடிந்தது, எத்தனையாவது ரெப்பாக இருந்தாலும்.

முழுமூச்சாகப் போக வேண்டிய இடம் போட்டி மேடை. 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு திலங்க இசுறு குமார பாரம் தூக்குதலில், 55 கிலோ உடல் எடைப் பிரிவில் வெண்கலம் எடுத்தார். அதே பிரிவில் இந்தியாவின் சங்கேத் சர்கர் 135 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிய பிறகு 139க்குப் போய் முழங்கை பிசகினார். அந்தக் கையோடு மறுபடியும் போனார், முடியவில்லை. ஒரே ஒரு கிலோவில் தங்கம் போனது. அவர் செய்தது நியாயம், எதிரே தங்கம் இருந்தது. நான் அடிபட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் எனக்கு எதிரே இருந்தது ஒரு கம்பஸ் பெடியன்.

அடுத்தது நோ. எல்லா நோவும் ஒன்றல்ல. தொடையோ நெஞ்சோ பரவலாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் நொந்தால் அது பயிற்சியின் கூலி. மாடிப்படி இறங்கும்போது முனகிக்கொண்டே இறங்கலாம். ஒரு விரலால் தொட்டு ‘இங்கேதான்’ என்று காட்டக்கூடிய நோ, மூட்டுக்குள் குத்துகிற நோ, ஒரு பக்கம் மட்டும் வருவது, செட்டுக்கு செட்டு கூடுவது: இவை வேறு சாதி. பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொள்வேன். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்தால் எடையைக் குறைத்துத் தொடர்வேன். அதற்கு மேல் என்றால் அன்றைக்கு அந்தப் பயிற்சி இல்லை. நோ மாத்திரை போட்டுக்கொண்டு தூக்க வருபவர்களைக் கண்டிருக்கிறேன். வீட்டில் நெருப்புப் பிடிக்கும்போது மணியைக் கழற்றி வைக்கிற வேலை அது.

நித்திரையில்லாத நாளில் போகலாமா? போகலாம். வெறும் பார் 20 கிலோ, பிறகு 60, பிறகு 80 என்று ஏறும்போதே தெரிந்துவிடும். 80 கிலோ 100 மாதிரிக் கனத்தால், எழுதிய எடையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, ஒரு செட்டையும் குறைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஆறு கிழமைக்கு ஒரு தடவை நான் ஒரு கிழமை முழுக்கப் பாதி செட்தான் செய்வேன். தசை சீக்கிரம் பலமாகும், தசைநாணுக்கு இன்னும் நாள் வேண்டும். அந்த இடைவெளியில்தான் முழங்கையும் தோளும் கெடுகின்றன.

மல்லாந்து படுத்துப் பாரை நெஞ்சிலிருந்து தள்ளுகிற பெஞ்ச் பிரஸ் தனியாகச் செய்தால் இரண்டு பக்கமும் சேஃப்டி கம்பி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இடுப்புப் பெல்ட் கவசமல்ல. வயிற்றை இறுக்கித் தள்ளத் தெரிந்தவருக்கே அது உதவும். மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், பிரஷர் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கொழும்புப் புழுக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் எங்கள் ஜிம்மில் வியர்வை காய்வதே இல்லை, பார் வழுக்கும். ஒவ்வொரு செட்டுக்கும் கையைத் துடையுங்கள், இடைவேளையை ஒரு நிமிடம் கூட்டுங்கள், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடியுங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் வெறும் தேத்தண்ணி நிறத்தில் போனால் வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. தசை உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற விஷயமாக இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு நாரி பிடித்துவிட்டால்? படுத்தே கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடங்கள். நான் மரைன் டிரைவில் பம்பலப்பிட்டி வரைக்கும் ஆமை மாதிரி நடந்தேன். நோ காலுக்கு இறங்கினால், கால் விறைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூன்றாம் கிழமை நான் வெறும் பாரோடு தொடங்கினேன். பிறகு 40, 50, 60. பழைய 110க்கு வர நாலு மாதம். அந்தக் கம்பஸ் பெடியன் இப்போதும் பக்கத்தில்தான் தூக்குகிறான். போன மாதம் தோள் நோகுது அண்ணை என்று வந்தான். என் பையிலிருந்த 1.25 கிலோ பிளேட் சோடியைக் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.