பயப்படுற நாய்க்கு தள்ளிப்போன தடுப்பூசி போடுறது எப்படி?

ஊசி தேதி தாண்டி மாசக்கணக்காச்சு, நாய் என்னடான்னா கிளினிக் இருக்கற தெரு முனையிலயே தரையோட தரையா படுத்துக்குது, தூக்கவும் முடியல இழுக்கவும் முடியலன்னு இருக்கறவங்களுக்கு தான் இந்த போஸ்ட். எங்க வீட்டு சுண்டல் ஒரு நாட்டு நாய், தெருவுல இருந்து வந்தவ, வீட்டுக்குள்ள யார் மடியிலயும் ஏறிப்பா ஆனா டெட்டால் வாசனை வந்தா ஆளே மாறிடுவா. நாங்க இருக்கறது சென்னை, அதனால சொல்றதெல்லாம் இந்த ஊர் வெயிலுக்கும் இந்த ஊர் ஆட்டோவுக்கும் பொருந்துற மாதிரி தான் இருக்கும்.

ஸ்டெப் 1: முதல்ல போன் பண்ணுங்க

நாயைக் கூட்டிட்டு நேரா போய் நிக்காதீங்க. கிளினிக்குக்கு போன் பண்ணி கடைசியா என்ன ஊசி, எப்ப போட்டது, நாய் எவ்ளோ பயப்படும், முன்னாடி யாரையாவது கடிக்க வந்திருக்கா, இதெல்லாம் சொல்லிடுங்க, தடுப்பூசி புக்கை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிடுங்க. லேட்டானதுக்கு திட்டுவாங்களேன்னு நினைச்சே இன்னும் லேட் பண்றவங்க நிறைய பேரு, ஆனா டாக்டர்களுக்கு இது டெய்லி பாக்கற கேஸ். சினையா இருந்தாலோ, காய்ச்சல், பேதி இருந்தாலோ அதையும் சொல்லணும், பெரும்பாலும் அன்னிக்கு ஊசி போட மாட்டாங்க.

வளர்ந்த நாய், குட்டியில ஒழுங்கா போட்டிருக்குன்னா பெரும்பாலும் ரேபிஸ் ஒரு ஊசி, டிஸ்டெம்பர், பார்வோன்னு நாய்ங்களுக்கு வர்ற வைரஸ் நோய்களுக்கு எல்லாம் சேர்ந்த ஊசி ஒண்ணு, இதோட விட்டதைப் பிடிச்சிடலாம். லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் வேற கதை. ரொம்ப நாள் விட்டுப்போச்சுன்னா ரெண்டுல இருந்து நாலு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை போடணும். எலி மூத்திரம் கலந்த தண்ணியில பரவுறது, மனுஷனுக்கும் வரும், ஐப்பசி மழைக்கு தெருவெல்லாம் தண்ணி நிக்கற ஊர்ல இதை வேணாம்னு சொல்லாதீங்க.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, நீங்க இன்னும் கொஞ்ச நாள்ல திரும்ப அங்க போயே ஆகணும். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிச்சு இன்னிக்கு போட்டுடலாம், ரெண்டாவது தடவை வாசப்படியே தாண்ட மாட்டா. கீழ இருக்கற அத்தனை ஸ்டெப்பும் அந்த ரெண்டாவது விசிட்டை மனசுல வெச்சு தான்.

அரசு கால்நடை மருத்துவமனைகள்ல ஜூலை 6, செப்டம்பர் 28 தேதிகளை ஒட்டி ரேபிஸ் ஊசி இலவச முகாம் நடக்கும். சாதுவான நாய்க்கு அருமையான விஷயம். நம்மாளுங்களுக்கு அந்தக் கூட்டம் வேண்டவே வேண்டாம்.

ஸ்டெப் 2: மஸில்

மஸில், அதாவது வாய்க்கூடு. கடிக்காத நாய் தானேன்னு தாண்டிடாதீங்க, ரொம்ப பயந்தா எந்த நாயும் கடிக்கும். வாய்க்கூடு இருந்தா டாக்டரும் கம்பவுண்டர் அண்ணனும் பதறாம வேலை செய்வாங்க, நாய்க்கும் அது தெரியும்.

கடையில சீப்பா துணி பட்டை மாதிரி ஒண்ணு தருவாங்க, வாங்காதீங்க. அது வாயை இறுக்கி மூடிடும், நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கினா தான் நாய்க்கு உடம்பு சூடு குறையும், மே மாசத்துல அதைப் போட்டு உக்கார வெச்சா ஹீட் ஸ்ட்ரோக் வந்துடும். கம்பி கூடை கனம், வெயில்ல சூடாகும், முட்டியில இடிச்சா நமக்கு உயிர் போகும். என் ஓட்டு பிளாஸ்டிக் கூடைக்கு. உள்ள வாயைத் திறந்து மூச்சு வாங்கற அளவு இடம் இருக்கணும், மூக்கு நுனி முட்டக்கூடாது, இடுக்கு வழியா தீனி கொடுக்க முடியணும்.

இதை கிளினிக் வாசல்ல வெச்சு முதல் தடவை மாட்டினா எல்லாம் வேஸ்ட். வீட்டுல சில வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. கோழி ஈரலை உப்பு வெங்காயம் எதுவும் போடாம வேக வெச்சு சின்னச் சின்னதா நறுக்கி கூடைக்குள்ள போடுங்க, நாயா மூக்கை விடணும், நாம கொண்டு போய் மாட்டக்கூடாது. தின்னுட்டு எடுத்துட்டா விட்டுடுங்க. மூக்கை உள்ளயே வெச்சிருக்க பழகினதுக்கு அப்புறம் தான் வார்.

எங்களுக்கு இங்க தான் வண்டி நின்னுச்சு. சுண்டல் மூக்கை ஜம்முனு விட்டுடுவா, ஆனா காதுக்குப் பின்னாடி பக்கிள் "டக்"னு பூட்டற சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுவா. கூடையில பிரச்சனை இல்ல, சத்தத்துல தான் பிரச்சனைன்னு புரியறதுக்கே நாளாச்சு. அப்புறம் மஸிலை அவ பக்கத்துலயே கொண்டு போகாம, ரூமோட அந்தக் கோடியில நின்னு பக்கிளை ஒரு டக், உடனே ஒரு துண்டு ஈரல். கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வந்து, கழுத்துக்கிட்ட டக், ஈரல். ஒரு கட்டத்துல டக்னு கேட்டா எங்க இருந்தாலும் ஓடி வந்து உக்காந்துப்பா, இப்ப என் மொபைல் கவர் மூடுற சத்தத்துக்கும் வரா, அது தனி தொல்லை. இவ்ளோ பொறுமை இல்லைன்னா வாரை முன்னாடியே தளர்வா பூட்டி வெச்சு தலை மேல நழுவ விட்டு அப்புறம் இறுக்கலாம், சத்தமே இருக்காது, ஆனா பெரிய காது நாய்ங்களுக்கு சரிப்படாது.

ஸ்டெப் 3: மாத்திரை வேணுமான்னு கேளுங்க

ரொம்ப நடுங்கற நாய்ங்களுக்கு காபாபென்டின், ட்ராசோடோன் மாதிரி மாத்திரை டாக்டர் எழுதித் தருவாங்க, கிளம்பறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி கொடுக்கற மாதிரி. வேற ஒரு நாள் வீட்டுல ஒரு டோஸ் கொடுத்துப் பாக்கலாமான்னு கேட்டுக்கோங்க, எவ்ளோ தள்ளாடுதுன்னு தெரிஞ்சிடும். பாட்டியோட தூக்க மாத்திரைல பாதி எல்லாம் சத்தியமா வேண்டாம். மனுஷங்களுக்கான சில சிரப்ல சைலிட்டால்னு ஒரு இனிப்பு கலந்திருக்கும், நாய்க்கு அது விஷம்.

ஸ்டெப் 4: கிளம்பற நாள்

வார நாள், காலைல, கூட்டம் இல்லாத நேரம். சாயங்காலம் போட்டு, ஊசி ஒத்துக்காம ராத்திரி முகம் வீங்கினா யாரைத் தேடுவீங்க? தீபாவளி வாரத்தை விட்டுடுங்க, வெடிச் சத்தத்துல நடுங்கினது ஒரே நாள்ல இறங்காது. காலை சாப்பாட்டைக் குறைச்சுக்கோங்க, பசி இருந்தா தான் ஈரலுக்கு மதிப்பு. கழுத்துப் பட்டைல ஒரு கயிறு, ஹார்னஸ்ல (நெஞ்சைச் சுத்தி மாட்டற பட்டை) ஒரு கயிறுன்னு ரெண்டு போடுங்க, பயந்த நாய் பின்னாடி இழுத்தா பட்டை தலை வழியா கழண்டுக்கும், அப்புறம் மெயின் ரோட்டுல துரத்தணும். ஆட்டோன்னா தெரிஞ்ச அண்ணன்கிட்ட முந்தின நாளே சொல்லிடுங்க, சீட்டுல பழைய பெட்ஷீட் விரிச்சா அவரும் முகம் சுளிக்க மாட்டாரு.

ஸ்டெப் 5: உள்ள உக்காராதீங்க

ஊசி ஒரு நிமிஷம் கூட இல்ல. நாயைக் கெடுக்கறது வெளில இருக்கற பெஞ்ச் தான். பக்கத்துல ஒரு லாப்ரடார் நாய் மூஞ்சிக்கு நேரா வந்து மோப்பம் பிடிக்கும், கூடையில ஒரு பூனை சீறும், உள்ள இருந்து ஏதோ ஒண்ணு கத்தும். ஒருத்தர் போய் டோக்கன் போடட்டும், நீங்க நாயோட எதிர்ல மரத்தடியிலயோ ஆட்டோவுலயோ இருங்க, நம்ம டர்ன் வந்ததும் போன் பண்ணச் சொல்லி நேரா உள்ள. கார்ல வந்தா நாயைத் தனியா வெச்சு கண்ணாடி ஏத்திட்டு மட்டும் போயிடாதீங்க.

உள்ள போனதும் ஸ்டீல் டேபிள் வேண்டாம், தரையிலயே போடலாமான்னு கேளுங்க. டைல்ஸ்ல கால் வழுக்கினாலே பாதி பயம், நாங்க வீட்டு பாத்ரூம் மேட்டை எடுத்துட்டு போறோம், அதுல நம்ம வீட்டு வாசனையும் இருக்கும். நீங்க தலைப்பக்கம் உக்காந்து மசிச்ச ஈரலை கூடை இடுக்கு வழியா நக்க விடுங்க, டாக்டர் பக்கவாட்டுல வந்து தோலுக்கு அடியில போட்டுடுவாரு. தடவிக் கொடுத்தா பயம் அதிகமாகும்னு ஒரு கதை சுத்துது, நம்பாதீங்க. ஈரலையே மோந்து பாக்காம கண்ணு வெள்ளை தெரிய முறைச்சா அன்னிக்கு நிறுத்திட்டு இன்னொரு நாள் வரலாம். தெரு நாய் கடிச்சு வந்த கேஸ்னா தள்ளிப்போட முடியாது, அன்னிக்கே போட்டாகணும்.

மருந்து பாட்டில் ஸ்டிக்கரை புக்குல ஒட்டி கையெழுத்து வாங்கிக்கோங்க, மாநகராட்சி லைசென்ஸுக்கு ரேபிஸ் ஊசி போட்ட ஆதாரம் கேப்பாங்க. அரை மணி நேரம் பக்கத்துலயே இருங்க. முகம் வீங்கறது, தடிப்பு, வாந்தி வந்தா உடனே உள்ள. ஒரு நாள் டல்லா இருந்தா பரவால்ல.

அப்டேட்: கமெண்ட்ல பக் (Pug) நாய் வெச்சிருக்கறவங்க கேட்டிருந்தாங்க, சப்பை மூக்குக்கு சாதா கூடை நிக்காது, அதுக்குன்னு வலை முகமூடி மாதிரி தனியா விக்குது.

இன்னொரு அப்டேட்: புக் தொலைஞ்சு போச்சுன்னா கிளினிக் ரிஜிஸ்டர்ல தேடச் சொல்லுங்க, இல்லைன்னா ஊசியே போடாத நாய்னு வெச்சு டாக்டர் புதுசா ஆரம்பிப்பாரு. வீட்டுக்கே டாக்டரை வரவழைக்கறவங்க மருந்தை ஐஸ் பாக்ஸ்ல கொண்டு வராங்களான்னு பாருங்க, 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஊசியை நாய் தூங்கற மூலையில வெச்சு போடாதீங்க, வராண்டா பெட்டர்.

மறுபடியும் அப்டேட்: பழக்கும்போது பல்லு பட்டுடுச்சு, நம்ம நாய் தானேன்னு விட்டுட்டேன்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க. ஊசி தேதி தாண்டின நாய்ங்க அது! சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க, நமக்குப் போடற ரேபிஸ் ஊசி அங்க இலவசம் தான்.