ஏரிக்கரை வீடு பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

நகரத்துக்குள் ஏரியைப் பார்த்த மாதிரி வீடு என்றதும் எல்லாரும் செய்கிற முதல் தப்பு, சாயங்காலம் போய்ப் பார்ப்பது. அந்த நேரத்தில் எந்த ஏரியும் அழகுதான். விடிவதற்கு முன் ஒரு தடவை போங்கள். பாசி பகலில் ஆக்சிஜனை வெளிவிட்டாலும் ராத்திரி முழுக்க அதை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவது விடியும் நேரத்தில்தான். சாக்கடை கலக்கிற ஏரியாக இருந்தால் செத்து மிதக்கும் மீன் அப்போது கண்ணில் படலாம், நாற்றமும் தெரிந்துவிடும். விளம்பரப் படத்தில் புல்வெளி மாதிரி பச்சையாக விரிந்து கிடக்கிறதே, அது அனேகமாக ஆகாயத்தாமரை. கழிவுநீரில் வரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகக்கூடிய செடி.

இதைவிடப் பெரிய தப்பு, 'ஏரியிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறோம்' என்ற தைரியம். தூரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கல் எந்தப் பக்கம், அங்கிருந்து இறங்கும் வாய்க்கால் இன்னும் வாய்க்காலாகத்தான் இருக்கிறதா, இல்லை தெருவாகிவிட்டதா என்று பாருங்கள். கரையை ஒட்டி மேட்டில் நிற்கும் வீடு தப்பிக்கும், பத்துத் தெரு தள்ளிப் பள்ளத்தில் இருப்பது முழுகும். புரோக்கரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அந்தத் தெருவிலேயே ரொம்ப வருஷமாகக் குடியிருக்கும் பெரியவர் யாரிடமாவது "போன பெருமழைக்கு எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சுங்க?" என்று கேளுங்கள், முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டிவிடுவார்.

தரைத்தளம் என்றால் தண்ணீர் வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்றில்லை, பாத்ரூம் ஓட்டை வழியாகவும் மேலே ஏறும். கழிவுநீர்க் குழாயில், வெளியே போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் புதுப் பெயிண்டை நம்ப வேண்டாம்; சுவர் அலமாரியைத் திறந்து கீழ்த்தட்டுக்குப் பின்னால் விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் பொடி ஒட்டினால் அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

கொசுவுக்கு ஏரியை மட்டும் திட்டுவதும் தப்புதான். மீன் இருக்கிற, அலையடிக்கிற திறந்த தண்ணீரில் கொசு அவ்வளவாகப் பெருகாது, புதர் மண்டிய ஓரங்கள் வேறு கதை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ உங்கள் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரிலேயே முட்டையிலிருந்து 7 முதல் 10 நாளில் பறக்கத் தயாராகிவிடும்.

கடைசியாக, பால்கனிக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் காலி மனை. அது யாருடையது, அதில் எத்தனை மாடி கட்ட அனுமதி உண்டு என்று விசாரிக்காமல், ஏரி தெரிகிறது என்பதற்காக ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.