சுவிசில் மலைக் கோஸ்டர் ஏறப் போறீங்களா? முதலில் கைப்பிடியைப் பாருங்கள்

மட்டக்களப்பில் இருந்து விடுமுறைக்குச் சுவிஸ் சொந்தங்களிடம் போகிறவர்கள் பிள்ளைகளுக்காகக் கட்டாயம் ஒரு கோஸ்டர், அதாவது தண்டவாளத்தில் சரிவில் ஓடும் கேளிக்கை வண்டி, ஏறுவார்கள். வாவியும் வயலுமாகத் தட்டையான ஊரில் வளர்ந்த நமக்கு மலைச்சரிவின் வேகம் பழக்கமில்லை. அதனால் ஏறுமுன் இருக்கையின் இரு பக்கமும் பிரேக் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள்.

பூங்காக்களில் இருக்கும் சிறிய கோஸ்டரில் பிரேக் உங்கள் கையில் இல்லை. இரும்புச் சட்டத்தில் மேலே இழுத்து விடுவார்கள், மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். நிறுத்துவது தண்டவாளத்தில் உள்ள பிரேக். நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தால் சரி.

மலைக் கோஸ்டர் அப்படியில்லை. தண்டவாளம் மலைச்சரிவை ஒட்டியே வளைந்து போகும், இருக்கையின் பக்கத்தில் கைப்பிடியாக இரண்டு நெம்புகோல் இருக்கும். முன்னே தள்ளினால் ஓடும், பின்னே இழுத்தால் பிரேக். பயத்தில் கையை விட்டாலும் வேகம் குறையும். பல இடங்களில் வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் தானாகவே மட்டுப்படும். ஆனாலும் முன்னால் போகிற வண்டியில் மோதாமல் இருப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. 25 மீற்றராவது இடைவெளி விடுங்கள். பாரமான ஆள் வேகமாக இறங்குவார், ஆகவே மாமாவை முன்னே விட்டு மருமகனைப் பின்னே அனுப்புங்கள். சின்னப் பிள்ளை என்றால் இருவர் இருக்கும் வண்டியில் பெரியவர் பின்னால் இருந்து நெம்புகோலைப் பிடிக்க வேண்டும். தண்டவாளம் ஈரமாக இருந்தால் வளைவுக்கு நன்றாக முன்னதாகவே பிரேக்கை இழுங்கள்.

சுவிசின் லே தியாப்லரே என்ற மலைக் கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள கிளேசியர் 3000 என்ற சுற்றுலா இடத்தின் மலைக் கோஸ்டர் கிட்டத்தட்ட 3000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆடி மாதமென்றாலும் ஜாக்கெட் கொண்டு போங்கள்.