எந்த பிராண்டு கார் மக்கர் பண்ணாது? இந்த வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரில்லில் இருக்கும் சின்னத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளம்புகின்றன. காரில் பெரிய செலவு வைப்பது ஏதோ ஒரு இன்ஜினோ, ஒரு கியர்பாக்ஸோதான். அது பல பிராண்டுகளில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினையே பாருங்கள். மாருதி ஸ்விஃப்ட்டில் அதன் பெயர் டிடிஐஎஸ், டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட். ஃபியட் புன்டோவிலும் அதுதான். ‘ஸ்விஃப்ட் டீசலைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், ஃபியட் மட்டும் வேண்டாம்’ என்று ஒரே மூச்சில் சொன்னவர்கள் ஒரே இன்ஜினைத்தான் புகழ்ந்தும் திட்டியும் பேசினார்கள். அவர்கள் கண்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருப்பதிலும் உதிரி பாகம் சீக்கிரம் கிடைப்பதிலும் இருந்தது. அதுவும் முக்கியம்தான். ஆனால் வண்டி அடிக்கடி பழுதாவது வேறு, பழுதானால் சீக்கிரம் சரியாவது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இன்னொன்று: 2019-ல் வந்த டொயோட்டா கிளான்ஸா, மாருதி பலேனோவேதான்.

ஒரே மாடலுக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. ஃபோக்ஸ்வாகன் போலோ மேனுவல் கியரிலும் வந்தது, 7 ஸ்பீடு டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியரிலும் வந்தது. அந்த டிஎஸ்ஜி, டிக்யூ200 என்ற உலர் கிளட்ச் வகை. கிளட்ச் தட்டுகளைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடாகும், தேயும். கியர் மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் செலவு கையைக் கடிக்கும். மேனுவல் போலோவில் அந்த யூனிட்டே இல்லை. ‘போலோ எப்படி?’ என்ற கேள்விக்கு அதனால் ஒற்றைப் பதில் கிடையாது.

நல்ல பெயர் எடுத்த கம்பெனியில் தப்பே நடக்காது என்பது அடுத்த நம்பிக்கை. 2015-ல் ஹூண்டாய் அமெரிக்காவில் 2011, 2012 மாடல் சொனாட்டா சுமார் 4.7 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. தீட்டா 2 இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் ஆயில் துளை போட்டபோது விழுந்த உலோகத் துகள் முழுதாகக் கழுவப்படவில்லை. துகள் அடைத்ததால் கனெக்டிங் ராட் பேரிங்குக்கு ஆயில் போகாது. முதலில் டொக் டொக் என்று சத்தம், கவனிக்காமல் ஓட்டினால் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடும். 2024-ல் டொயோட்டாவும் டண்ட்ரா பிக்கப், தன் சொகுசு பிராண்டான லெக்ஸஸின் எல்எக்ஸ் வண்டிகள் ஏறக்குறைய ஒரு லட்சத்தைத் திரும்ப அழைத்தது. காரணம் அதேதான்: இன்ஜினுக்குள் தங்கிப்போன கடைசல் துகள். இன்ஜின் பெயரும் தயாரிப்பு ஆண்டும் சொல்லாமல் ‘அந்தக் கம்பெனி இன்ஜின் மோசம்’ என்றால் அந்தப் பேச்சை நம்பிப் பணம் போடாதீர்கள்.

ஏதோ ஒரு தரவரிசைப் பட்டியலைக் காட்டி வாதத்தை முடிப்பவர்களும் உண்டு. எதை எண்ணினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். கார் உரிமையாளர்களிடம் கருத்துக் கேட்கும் அமெரிக்க நிறுவனமான ஜே.டி. பவரின் ஒரு ஆய்வு முதல் 90 நாள் குறைகளை எண்ணுகிறது, இன்னொன்று மூன்று வயதான வண்டிகளை எடுத்துக்கொண்டு 100 வண்டிக்கு எத்தனை குறை என்று சொல்கிறது. அதில் போன் ப்ளூடூத்தில் சேரவில்லை என்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, வழியில் நின்று உதவி கேட்ட வண்டிகளை எண்ணுகிறது. அங்கே அதிகம் காலை வாருவது 12 வோல்ட் பேட்டரி.

மிக அதிகம் பேரை ஏமாற்றுவது டாக்சிக் கணக்கு. ‘இன்னோவா மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு’ என்பது உண்மையாகவே இருக்கலாம். அது தினமும் நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடு ஆறாமல் ஓடிய வண்டி. தினம் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஆபீஸுக்குப் போய்வரும் டீசல் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கும். அந்த வெப்பத்தை எட்டக் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் எந்த பிராண்டு டீசல் காரும் தாங்காது.

நகரத்துக்குள் மட்டும் ஓடிய பி.எஸ்.6 டீசலை செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போனால், இன்ஜின் ஆறிய பிறகு சமதளத்தில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா, விரலில் தொட்டால் தண்ணியாக ஓடுகிறதா, டீசல் வாடை அடிக்கிறதா? அப்படியென்றால் சர்வீஸ் பில்களைக் கேட்டு ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். டிபிஎஃப்பில் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.